வாரக் காலநிலைப் பலகை எழுதிய மகாதேவி அம்மையாருக்கு

வானின் போக்கை வாரந்தோறும் வடித்துத் தந்த வல்லவரே! கரையில் இருந்தபடியே கடலில் நின்றோரைக் காத்த கண்ணியமிக்கவரே! எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் எழுதுவினைஞரே, எல்லோருக்கும் அக்காவான திருமதி மகாதேவி நாகலிங்கம் அவர்களே! வணக்கம்.

ஆண்டு முழுவதும் கணக்கெழுதிய தங்கள் கை, ஐப்பசி பிறந்தால் வெள்ளிதோறும் வெண்கட்டி எடுக்கும். கச்சான் காற்று ஓய்ந்து வாடைக் காற்று எழும்பும் அந்தப் பருவத்தில், வருகின்ற கிழமை கடல் எப்படியிருக்கும் என்று சங்கத்தின் கரும்பலகையில் எழுதுவது தாங்களாகவே தலையில் போட்டுக்கொண்ட பணி. வானொலியைக் கேட்பீர்கள், வள்ளம் நடத்தும் தண்டையல்மாரைக் கேட்பீர்கள், தொண்டைமானாற்று வாய்க்குச் சைக்கிளில் போய் நீரோட்டத்தையும் பார்ப்பீர்கள். போர்த் தடையால் பற்றரி கிடைக்காத இந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவில் வானொலியை இயக்கினோம். மிதித்தவர்கள் நாங்கள், களைத்தவர்கள் நாங்கள், "இன்னும் கொஞ்சம்" என்றவர் தாங்கள். கடலுக்குத் தடை வந்த காலங்களிலும் பலகை வெறுமையாக இருந்ததில்லை. வெங்காயம் நடுவோரும் கலியாணப் பந்தல் போடுவோரும் வந்து வாசித்துப் போனார்கள்.

தாங்கள் எழுதிய "சிறு தூறல்" எங்களைத் தொப்பலாக நனைத்ததும் உண்டு. "போன கிழமை எழுதியது பிழை" என்று மறு வெள்ளி அதே பலகையின் தலைப்பில் தாங்களே எழுதியதும் உண்டு. அதனாலேயே தங்கள் எழுத்தை நம்பினோம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் ஐப்பசியை இச்சபையில் சொல்லாமல் விட எங்களால் முடியவில்லை. அந்த வெள்ளி வானொலி ஒன்று சொல்ல, தண்டையல்மார் வேறொன்று சொல்ல, "இந்தக் கிழமை எனக்குத் தெரியவில்லை. தூரம் போகவேண்டாம்" என்று எழுதினீர்கள். பலர் முணுமுணுத்தபடி கரையை அண்டி வலை போட்டார்கள். தங்கள் உடன்பிறந்த தம்பி சீவரத்தினமோ, "அக்காவுக்குத் தெரியாட்டி எனக்குத் தெரியும்" என்று சிரித்துவிட்டு ஆழக்கடலுக்குப் போனார். செவ்வாய் பிற்பகல் புயல் வந்தது. கரையை அண்டி நின்ற வள்ளங்கள் யாவும் திரும்பின. சீவரத்தினம் திரும்பவில்லை.

அடுத்த வெள்ளிக்குள் கடல் அடங்கிவிட்டது. ஆயினும் அதில் இறங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பல வீடுகளில் அடுப்பும் எரியவில்லை. தாங்கள் வருவீர்கள் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. வந்து "போகவேண்டாம்" என்று எழுதியிருந்தாலும் ஏனென்று கேட்டிருக்க மாட்டோம். தாங்கள் வந்தீர்கள். வீங்கிய கண்களோடு வெண்கட்டியை எடுத்து, "காற்றுத் தணிந்துள்ளது. போகலாம்" என்று எழுதினீர்கள். தலைவர் இராசநாயகம் ஐயா மனம் பொறுக்காமல், இன்னும் ஒரு கிழமை பார்ப்போமே என்றார்.

"என்ரை துக்கத்தைக் காலநிலை எண்டு எழுதேலாது ஐயா" என்றீர்கள்.

எத்தனையோ பட்டங்களை இம்மடலில் எழுதிப் பார்த்தோம். அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக எதுவும் அமையவில்லை.

அன்று கடலுக்குப் போன அனைவரும் திரும்பினார்கள். வலையைக் கழற்றுமுன் நேரே சங்க வாசலுக்கு வந்து, "வந்திட்டம் அக்கா" என்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத அந்த வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

இன்றோடு தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். நாளை முதல் பலகையைத் தங்களிடம் பழகிய அருந்ததி எழுதுவார். ஆனால் கரையேறும் எவரும் சங்க வாசலுக்கு வரமாட்டோம். தங்கள் வீட்டுப் படலை வாசலுக்கே வருவோம். சந்நிதி வேலவன் அருளால் நோய்நொடி அணுகாது நீடு வாழ்ந்து, நாங்கள் வந்து சொல்வதை நாள்தோறும் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். தங்கள் தம்பியின் குரலை எங்களால் கொண்டுவர முடியாது, அக்கா. எங்கள் குரல்களை ஒன்றும் குறையாமல் கொண்டுவந்து சேர்ப்போம்.

என்றும் தங்கள் அன்பில் அடங்கும்
சங்கப் பணியாளரும் வள்ளக்காரரும்
வல்வெட்டித்துறை
ஐப்பசி 1994