பழைய பாய்லருக்குக் கேட்ட பூ

திருச்செங்கோடு சப் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, 1936-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 14-ந் தேதி திங்கட்கிழமை பகலில் பதிவானது.

பெயர்: சென்னியப்பன். தகப்பனார்: காலஞ்சென்ற சின்னண்ணன். வயது: நாற்பத்தேழு. இருப்பு: திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு. தொழில்: பழைய இரும்பு, மில் சாமான், சாக்கு வியாபாரம், வெள்ளைக்கல் சுரங்கத்தில் பங்குதாரர்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே சாட்சியமாகலாம் என்றும், சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் மாஜிஸ்திரேட் அவர்கள் எனக்கு விளக்கிச் சொன்னார்கள். யோசிக்கச் சொல்லி வெளியே உட்கார வைத்தார்கள். யோசித்தேன். என் வக்கீலும் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. நானாகவே வந்து சொல்கிறேன்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே உள்ள வெள்ளைக்கல் சுரங்கத்தை நானும் செங்கோட்டையன் என்பவரும் கூட்டாக நடத்தி வருகிறோம். அவர் எனக்கு முறையில் மச்சான். பண்ணையக் குடும்பம், சுரங்கம் இருக்கிற நிலம் அவருடையது. நான் சந்தையில் கிழிந்த சாக்கை வாங்கித் தைத்து விற்று மேலே வந்தவன். புதிதாக வாங்குகிறவன் வியாபாரி அல்ல, ஒருவன் கழித்துப் போட்டதை ஓட வைக்கிறவனே வியாபாரி என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தில்தான் இத்தனை காலம் பிழைத்தேன்.

சுரங்கத்திலிருந்து லாரி ரோடு வரைக்கும் சின்னத் தண்டவாளம் போட்டு, கல் வண்டிகளை எருது பூட்டி இழுத்து வந்தோம். போன வருஷம் அணைக்கட்டு வேலை முடிந்து மிச்சச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, அங்கே மண் இழுத்த சின்ன நீராவி இஞ்சின் ஒன்றை நான் எடுத்தேன். இஞ்சின் என்பது பேச்சுக்குத்தான். சக்கரம், சட்டம், சிலிண்டர் இவை இருந்தன. பாய்லரை முன்பே வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். அதன் பிறகு, ரயில்வேயில் வேலை பார்த்து நின்றுவிட்ட சின்னுசாமி என்ற பிட்டரை அமர்த்தி, விடுபட்ட பாகங்களை ஒவ்வொன்றாகச் செய்வித்தும் தேடிப் பிடித்தும் அந்த இஞ்சினைத் திரும்ப உண்டாக்கினோம். பாய்லர் ஒன்றுதான் பாக்கி நின்றது.

அதற்கு இரண்டு வழி இருந்தது. பட்டறையில் அளவு கொடுத்துப் புது பாய்லர் செய்து வாங்குவது ஒன்று. அது மழைக்காலம் கழிந்துதான் வந்து சேரும். மற்றொன்று, என் கிடங்கில் கிடந்த பாய்லரைத் திருத்தி வைப்பது. அது ஒரு பருத்தி அரைவை மில்லில் ஓடியது. மில்லுக்குக் கரண்டு வந்த பிறகு நான் வாங்கிப் போட்டிருந்தேன். புது பாய்லர் என்றால் முதல் போடுகிறவர் செங்கோட்டையன், அப்போது கூட்டில் அவர் கை ஓங்கும். என் பாய்லர் என்றால் என் கை ஓங்கும். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

செங்கோட்டையன் புதுசுதான் வேண்டும் என்றார். உங்கள் கிடங்கில் கிடக்கிற கழிசலை எல்லாம் கூட்டின் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்று வேலையாட்கள் எதிரிலேயே கேலி செய்தார். நான் சின்னுசாமியைக் கூப்பிட்டு பாய்லரைச் சோதிக்கச் சொன்னேன். அவர் சுத்தியால் தகடு முழுவதும் தட்டிப் பார்த்தார். நெருப்புப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சத்தம் மந்தமாக வந்தது. நம் ஊர் உப்புத் தண்ணீர் தகட்டை உள்ளே அரித்திருக்கும் என்றார். அதன் பிறகு செங்கோட்டையனும் கேட்டுக்கொண்டிருக்க அவர் சொன்னது:

“ஒரே எடத்துல நின்னு ஆவி குடுத்த பாய்லருங்க இது. தண்டவாளத்துல குலுங்கிக்கிட்டு ஓடி அதுக்குப் பழக்கமில்லை. ஒட்டுப் போட்டு ஓட்டலாமுங்க. எத்தனை நாளைக்குத் தாங்கும்னு ஆத்தாளத்தான் கேக்கோணும்.”

சின்னுசாமி விளையாட்டாகச் சொன்னார். செங்கோட்டையன் சிரிக்கவில்லை.

“அப்பக் கேட்டே போடுவோம் மாப்ள. ஆத்தா பழசுன்னு சொன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் சாமியிடம் பூ கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுப்பார்கள். எடுத்தது எதுவோ அதுவே உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவதாகும் என்று பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவோம். பாய்லருக்குப் பூ கேட்டவர்கள் எங்களுக்கு முன் யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, சுரங்கத்துக்குப் போகிற வழியில் உள்ள காளியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போனோம். வெள்ளை அரளி வந்தால் புது பாய்லர், செவ்வரளி வந்தால் பழைய பாய்லர் என்று பேச்சு. பூ மடிக்கும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். கோயிலுக்குப் பின்புறம் போய் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்து மடித்தேன். வெள்ளை அரளியை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன். எடுக்க வேண்டியவர் நீங்களே எடுங்கள் என்று செங்கோட்டையனிடம் சொன்னேன். எதிராளியையே எடுக்கச் சொன்னால் அவனுக்குச் சந்தேகம் வராது என்பது வியாபாரத்தில் நான் படித்த பாடம். அவர் கண்ணை மூடி வெகு நேரம் கும்பிட்ட பிறகே எடுத்தார். பிரித்ததும் முகம் வாடியது. ஆனாலும் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்றப் பொட்டலத்தை நான் கிணற்றில் போட்டேன்.

இஞ்சின் ஓட்ட நான் வைத்திருந்த வீரனும், விறகு போட வைத்திருந்த பொன்னனும் கோயிலுக்குள் வரும் வழக்கமில்லாததால் வேலிக்கு வெளியே நின்றார்கள். பொன்னன், வீரனின் மனைவி மாரியாயிக்குக் கூடப் பிறந்த தம்பி. செங்கோட்டையன் பூவைத் தூக்கிக் காட்டியதும் வீரன் நின்ற இடத்திலேயே மண்ணில் விழுந்து கும்பிட்டான்.

அதன் பிறகு பாய்லரின் மந்தமான பக்கத்தில் ஒட்டுப் போட்டு, குழாய்கள் மாற்றி, இஞ்சின் சட்டத்தில் ஏற்றினோம். மில்லில் இருந்தபோது வாங்கிய பாய்லர் சர்ட்டிபிகேட்டு என்னிடம் இருந்தது. வேறு வேலைக்கு வைத்தால் மறுபடி பரிசோதனை வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆத்தாள் உத்தரவு ஆகிவிட்டது, அதிகாரி உத்தரவு பின்னால் வரட்டும் என்று நான் சொன்னபோது செங்கோட்டையன் சிரித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்தது பூ ஒன்றுதான்.

ஆடி மாதத் தொடக்கத்தில் இஞ்சின் ஓடியது. வெறும் வண்டிகளை நன்றாக இழுத்தது. கல் ஏற்றினால், மில்லில் வைத்திருந்த ஆவி அழுத்தத்துக்கு மேட்டில் ஏறவில்லை. அழுத்தத்தைக் கூட்டும்படி நான் சொல்லி, சின்னுசாமி ஆவி போக்கும் வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கினார். வீரன் தயங்கினான். அழுத்தம் காட்டும் முள், மில்லில் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது என்று காட்டினான். அப்போது நான் அவனிடம் சொன்னது என் வாயால் வந்த வார்த்தை, அப்படியே சொல்கிறேன்.

“ஆத்தா குடுத்த பாய்லர்டா இது. உனக்கென்னடா பயம்?”

அதற்குப் பிறகு அவன் தயங்கவில்லை.

ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி காலையில் கல் ஏற்றிய வண்டிகளோடு இஞ்சின் மேடு ஏறியது. அன்று நானும் இஞ்சினில் நின்று வந்தேன். பாதி மேட்டில் சக்கரம் வழுக்கிச் சுற்றியது. கடைசி வண்டி தடம் மாறிவிட்டதா என்று பார்க்க நான் இறங்கினேன். இறங்கும்போது பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. இதை முக்கியமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பின்னாலேயே வீரன் தண்டவாளத்தில் மணல் தூவ இறங்கி முன்பக்கம் போனான். பொன்னன் மேலே நின்று விறகு தள்ளிக்கொண்டிருந்தான்.

நான் கடைசி வண்டியை எட்டும் முன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இஞ்சின் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஆவி கலைந்த பிறகு போனோம். நெருப்புப் பெட்டித் தகடு கிழிந்து, வெந்நீரும் நெருப்பும் பொன்னன் நின்ற பக்கமாகவே வந்திருந்தன. அவன் உயிர் அப்போதே போய்விட்டது. காலையில் அவன் துவைத்துக் கிளுவை வேலியில் காயப்போட்ட துண்டு அப்படியே இருந்தது. அதைத்தான் மேலே போர்த்தினோம். அது போதவில்லை.

தகடு கிழிந்தது சின்னுசாமியின் சுத்தி மந்தமாகச் சத்தம் கொடுத்த அதே பக்கத்தில், ஒட்டின் ஓரமாக. அதை நான் அங்கேயே பார்த்துவிட்டேன். போலீசார் வரும் முன் கிழிந்த துண்டை ஆள் வைத்து வெட்டி எடுத்து வண்டியில் போட்டு அனுப்பினேன். அது இப்போதும் என் கிடங்கில் பழைய இரும்புக் குவியலுக்கு அடியில் இருக்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் கொடுக்கிறேன். சின்னுசாமியை ஊருக்குப் போய் இருக்கச் சொல்லி அனுப்பியதும் நான்தான். அதன் பிறகு கிராம முன்சீப்பிடம், பாய்லரில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை என எழுதிக் கொடுத்தேன். அது பொய்.

தண்ணீர் வற்ற விட்டால் பாய்லர் வெடிக்கும், வெடிக்கப் போவது தெரிந்துதான் வீரன் முன்னதாக இறங்கிக்கொண்டான் என்று விசாரணையில் பேச்சு வந்தது. போலீசார் அவனைக் கேட்டபோது, தண்ணீரைக் கவனிக்காமல் விட்டது தன் தப்புதான் என்று அவனே சொல்லிவிட்டான். இதைக் கேட்டு எனக்கு முதலில் உண்டானது நிம்மதி. பொய் சொல்ல மாட்டேன்.

அவன் வார்த்தை மாறுகிறானா என்று தெரிந்துகொள்ள, சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில், அவனை அடைத்திருந்த சப்-ஜெயிலுக்குப் போனேன். தண்ணீர் இருந்ததை நீ பார்க்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

“பாதிக்கு மேல நின்ன மாதிரித்தானுங்க சாமி எனக்கு நாபகம். ஆனா ஆத்தா தப்பான பாய்லரைக் குடுப்பாளுங்களா? அப்பத் தப்பு எங்கண்ணுலதானுங்க இருக்கோணும்.”

சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு மாரியாயி என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். புருஷனை விடுவிக்கச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எண்ணி, அதற்குத் தகுந்த பதிலோடு வெளியே போனேன். அவள் அதற்கு வரவில்லை.

“எந்தம்பியக் கொன்னுபோட்டு அவன் மட்டும் எறங்கிக்கிட்டானுங்க சாமி. நீங்க பாவம் பார்த்து அவனுக்கு வக்கீலு கிக்கீலு வெச்சுடாதீங்க.”

அவள் வீரனுக்கு ஒரு நாளும் சோறு கொண்டுபோகவில்லை என்று என் மனைவி சௌந்திரம் பிற்பாடு சொன்னாள். பொன்னன் செத்தது என்னால். மாரியாயி தன் புருஷனைக் கொலைகாரன் என்று நம்பி உட்கார்ந்திருப்பதும் என்னால்தான். சந்தையில் நான் ஏமாற்றியதுண்டு, ஏமாந்ததுமுண்டு. அதெல்லாம் சரக்கோடு போயிற்று. இது அப்படிப் போகிற கணக்கு இல்லை.

போன வெள்ளிக்கிழமை மறுபடி சப்-ஜெயிலுக்குப் போய் வீரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி வைத்ததையும், வெள்ளை அரளியை மடியில் வைத்துக்கொண்டதையும், தகட்டை ஒளித்ததையும் விடாமல் சொன்னேன். அவன் கோபப்பட்டு என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவன் கம்பிக்கு இடையே கையை நீட்டி என் காலைத் தொட்டான்.

“என்னையக் காப்பாத்தோணும்னு ஆத்தா பேர்ல இப்படியெல்லாம் சொல்லாதீங்க சாமி. அது உங்க குடும்பத்துக்கு ஆவாது. உங்க நல்ல மனசு எனக்குப் போதுமுங்க.”

எத்தனை சொல்லியும் அவன் நம்பவில்லை. நான் பேசப் பேச என்னைப் பார்த்து அழுதான். என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டு அவன் உள்ளே இருக்கிறான். நான் தனியாகச் சொன்னால் நம்பாதவன், கோர்ட்டில் சொல்லி ஒப்பமிட்டதைப் படித்துக் காட்டினால் நம்புவான் என்று நினைக்கிறேன். அதற்காகவே இங்கே வந்தேன். செங்கோட்டையனுக்கு இது இன்னும் தெரியாது. வெளியே போனதும் சொல்வேன்.

பாய்லரைத் தேர்ந்தெடுத்தது ஆத்தாள் அல்ல, நான். அதன் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னவனும் நான். வெடித்த நேரத்தில் பாய்லரில் தண்ணீர் இருந்தது. வீரன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதில் எழுதியிருப்பது முழுவதும் என் வாய்ச்சொல். எழுதிய பிறகு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓர் இடத்தில் “பூ கேட்டதில் தவறு நேர்ந்தது” என்று எழுதியிருந்ததை, “பூவில் நான் மோசடி செய்தேன்” என்று திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது. மற்றவை சரி, உண்மை. இதை வீரனுக்கும் மாரியாயிக்கும், அவர்களுக்கு எழுத்துத் தெரியாதாகையால், இருவரும் ஒரே இடத்தில் இருக்கும்போது உரக்கப் படித்துக் காட்டும்படி கோர்ட்டாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) சி. சென்னியப்பன்

என் முன்பாகச் சொல்லி ஒப்பமிட்டார்.
சப் மாஜிஸ்திரேட்