பந்து எங்கே இருந்தது

— இன்னொரு டீ சொல்லட்டுமா, சுகுணா? அரூர் பஸ் ஸ்டாண்டுல இவன் ஒருத்தன்தான் டீன்னு ஒன்னு போடறான்.

— வேணாங்க மாதவராஜ் சார். இதுவே அப்படியே இருக்கு.

— தா பாரு, விசில் ஊதினது நானு. கம்பைநல்லூர் ஜனமே என்னத்தான் திட்டிட்டுப் போவுது. நீ எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கற?

— ஏன் சார் ஊதுனீங்க?

— வேணும்னேவா ஊதினேன்? விசிலக் கடிச்சிக்கிட்டே ஓடறது என் பழக்கம். ஒரு பொண்ணோட முழங்கை நெஞ்சுல இடிச்சிது. உள்ள இருந்த மூச்செல்லாம் விசிலுக்குள்ள போயிடுச்சு. முப்பது வருசமா பாஸ்கெட்பால் ரெப்ரியா இருக்கேன், இதான் மொத தடவ.

— மேட்ச் முடிய மூனு செகண்டு இருக்கறப்ப.

— ஆமா. அரூர் பொண்ணுங்கள விட கம்பைநல்லூர் ஒரு பாயிண்டு பின்னால. அந்த ஒல்லிப் பொண்ணு கலைமணி எம்பறா, என் விசில் கத்துது, பந்து கூடையில உழுவுது. விசிலுக்கு முன்னாலயே பந்து கைய விட்டுருந்தா பாயிண்டு உண்டு. கையிலயே இருந்திருந்தா கெடையாது. அதான இன்னொரு ரெப்ரின்னு உன்னக் கூப்ட்டுக் கேட்டேன்? நீதான கையில இருந்துச்சுன்ன?

— சொன்னேன்.

— அப்பறம் என்ன? பந்த அவங்களுக்கே குடுத்து மறுபடி ஆட விட்டோம். போட முடியல, தோத்தாங்க.

— ஜெயிச்சிருந்தா மணி மாநிலப் போட்டிக்குப் போயிருப்பா சார். அந்த சர்டிபிகேட்டக் காட்டி காலேஜ்ல எடம் வாங்கியிருப்பா. இனிமே திருப்பூரு பனியன் கம்பெனிதான்.

— டீ ஆறுது, குடி.

— அவ என் தங்கச்சி சார்.

— காலையில, ஆளில்ல வாம்மான்னு கூப்ட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?

— சொன்னா வேண்டாம்னு அனுப்பிடுவீங்க. எனக்கு இதான் மொத மேட்ச்சு.

— சரி, வுடு.

— பந்து கைய விட்டுப் போயிடுச்சு சார். ஒரு முழம் மேல. என் கண்ணால பாத்தேன். அதச் சொன்னா தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்துட்டான்னு பேசுவாங்கன்னு பயந்துட்டேன். அவ என்னையே பாத்துட்டு நின்னா சார், அக்கா சொல்லிடுவான்னு.

— அழுவாத. ஜனம் பாக்குது.

— என்னத் திட்டுங்க சார்.

— எதுக்குத் திட்டறது? தா பாரு, பாயிண்டு உண்டுன்னா, உன் விசிலக் கேட்டுதான நின்னோம்னு அரூர்க்காரன் என் சட்டையப் புடிச்சிருப்பான். பந்து மேல இருந்தத நானும்தான் பாத்தேன். நீ அவ அக்கான்னு காலையிலயே தெரியும். பயத்துல உன் வாயில மேலன்னு வராதுன்னுதான் உன்னக் கேட்டேன்.