ஸ்க்ரூ வாங்க மறந்த வாரங்கள்

– இந்த வாரமும் மறந்துட்டியா?

– கடை வாசல் வரைக்கும் போனேன் அண்ணி... ஒரு போன் வந்துச்சு. பேசிக்கிட்டே வந்துட்டேன்.

– போன வாரம் மழை. அதுக்கு முந்தின வாரம் கடைக்காரர் சாப்பிடப் போயிட்டார். ஒரு பாக்கெட் ஸ்க்ரூ வாங்க இவ்வளவு தடங்கலா?

– அலமாரின்னா நல்ல ஸ்க்ரூவா பாத்து வாங்கணும். ஏனோதானோன்னு மாட்டினா புத்தகமெல்லாம் தலையில விழும்.

– இப்ப கால்ல இடிக்குதே, அது பரவாயில்லையா? நூலகத்துல ஊர் புத்தகத்தையெல்லாம் அடுக்கி வைக்கிறவ நான். என் வீட்டுப் புத்தகம் மூட்டையில.

– சரி சரி. இன்னிக்கு இந்தப் பலகைய இன்னொரு தடவ தேய்ச்சிடறேன்.

– இன்னும் தேய்ச்சா அந்தப் பக்கம் தெரியும்.

– ஓரமெல்லாம் கோணல் அண்ணி. அண்ணன் அறுத்த லட்சணம் அப்படி.

– என் புருஷன ஒண்ணும் சொல்லாத. அளக்கறதுக்கே ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்ட மனுஷன்.

– அளந்தாரா? பலகைய சுவர்ல சாய்ச்சு வச்சுட்டு, டீ குடிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பார். கேட்டா, 'நாளைக்கு'ம்பார்.

– ஒரு தடவ நல்லா திட்டிட்டேன். அப்பத்தான் உண்மைய சொன்னார். 'பலகையா இருக்கற வரைக்கும் இது ரொம்ப நல்ல அலமாரி. மாட்டினாத்தான் கோணல் தெரியும்'னு.

– ...அப்படியா சொன்னார்?

– சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதுவரைக்கும் சோம்பேறித்தனம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பயம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

– ஊருக்கெல்லாம் வைத்தியம் மட்டும் சொல்வார். என் பரீட்சை ஞாபகம் இருக்கா?

– 'புத்தகத்தத் தொறக்காத. மேஜைல எடுத்து வை, அவ்வளவுதான் இன்னிக்கு வேலை.'

– அதேதான். மறுநாள், 'நாற்காலிய இழுத்துப் போடு, உட்காராத'ம்பார். உட்காராதன்னா உட்காரத்தானே தோணும்? அப்படித்தான் பாஸானேன். இல்லன்னா எனக்கேது லிஃப்ட் மெக்கானிக் வேலை.

– அந்த வைத்தியத்தத்தான் நீ எனக்குச் சொன்னே. அவர் போன அப்புறம்.

– அத விடுங்க அண்ணி.

– விடல. இதச் சொல்லணும்னு நானும் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்திருக்கேன். நான் படுத்தே கிடந்தப்ப, வந்தவங்க எல்லாரும் 'எழுந்திரு, மனசத் தேத்திக்கோ'ன்னாங்க. நீ மட்டும் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, 'குளிக்க வேண்டாம் அண்ணி. துண்ட எடுத்து தோள்ல போட்டுக்கங்க, போதும்'னே.

– ...போட்டுக்கிட்டீங்களா?

– போட்டுக்கிட்டு மறுபடியும் படுத்துட்டேன். மறுநாளும் துண்டு. அப்புறம் ஒரு நாள் துண்டோட குளியலறை வரைக்கும் போனேன்... போகப் போக, நூலகத்துக்கே போயிட்டேன்.

– துண்டோடயா?

– உதைப்பேன். சிரிக்காம கேளு. என்னை உயிரோட இழுத்துக்கிட்டு வந்தது அந்தத் துண்டுதான். உனக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல நான்.

– அது அண்ணன் சரக்கு. நான் சும்மா கைமாத்தி விட்டேன்... இப்ப எதுக்கு இதெல்லாம்?

– காலையில இந்தக் கட்டடத்து லிஃப்ட பாக்க உங்க கம்பெனி ஆள் வந்தார். அந்த மீசைக்காரர்.

– ...அவரா. அவர் வாய் சும்மா இருக்காதே.

– தூரத்துல ஒரு துறைமுக ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி வருதாம். அங்க இருக்கற அத்தனை லிஃப்டுக்கும் நீதான் பொறுப்பாம். ராத்திரி பூரா ரயில்ல போகணுமாம். இன்னிக்கு மதியத்துக்குள்ள நீ பதில் சொல்லலன்னா வேற ஆளாம்.

– பாத்துக்கலாம் அண்ணி. முதல்ல அலமாரி முடியட்டும்.

– அலமாரி எப்ப முடியும்?

– ஸ்க்ரூ வாங்கினதும்...

– ஸ்க்ரூ எப்ப வாங்குவே? பலகையப் பாக்காத. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

– ...பைக் பெட்டியில இருக்கு.

– எத்தனை நாளா?

– ரெண்டாவது வாரத்துலேருந்து. கீழேயே விட்டுட்டுத்தான் மேல வருவேன்.

– ஏன்டா?

– அலமாரி முடிஞ்சுட்டா எதச் சொல்லிக்கிட்டு வர்றது? சும்மா வந்தா, 'என்னைக் காவல் காக்க வந்தியா'ன்னு விரட்டுவீங்க.

– விரட்டியிருப்பேன்தான்.

– நான் வந்தாத்தான் உங்க அடுப்பு எரியுதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. அதான்...

– இப்பெல்லாம் தினமும் எரியுது. சந்தேகமா இருந்தா சமையலறையில போய்ப் பாரு. ராத்திரி சமைச்ச பாத்திரம் இன்னும் கழுவாம கிடக்கு.

– அது மட்டும் நாளைக்கா?

– பேச்ச மாத்தாத. போன எடு.

– அண்ணி...

– பேச வேண்டாம். எடுத்து மேஜைல வை. அவ்வளவுதான் வேலை.

– ...வச்சுட்டேன்.

– இப்ப நம்பர எடு. கூப்பிடாத.

– என்கிட்டயே இந்த வைத்தியமா?

– கூப்பிடாதன்னு சொன்னேன்.

– கூப்பிட்டுட்டேன்... சார், வணக்கம் சார். நான்தான்... ஆமா சார். வர்றேன் சார்... இல்ல சார், உறுதியாத்தான்... சரிங்க சார். ரொம்ப நன்றி சார்.

– என்ன சொன்னார்?

– 'இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மாசமா'ன்னார்.

– நல்லா கேட்டார்.

– எனக்கு ஒரு மாதிரி இருக்கு அண்ணி. கால் தரையில இல்லாத மாதிரி.

– லிஃப்ட் கிளம்பும்போது அப்படித்தான் இருக்கும். உனக்குத் தெரியாதா?

– ...நான் கீழ போய் ஸ்க்ரூவ எடுத்துக்கிட்டு வர்றேன். இன்னிக்கே மாட்டிடலாம். கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

– கீழ போகாத. மேல் தட்டுல ஒரு நீல டப்பா இருக்கு பாரு, அத எடு.

– இதுவா? கனமா இருக்கே... அண்ணி, இது ஸ்க்ரூ. அண்ணன் வாங்கி வச்சதா?

– நான் வாங்கினது. நீ முதல் தடவ மறந்துட்டேன்னு சொன்னதுக்கு மறுநாளே. நீ வந்ததும் கொடுத்துடணும்னுதான் வச்சிருந்தேன்... கொடுத்திருந்தா அன்னிக்கே மாட்டி முடிச்சுட்டுப் போயிருப்பியே.