சண்முகவடிவு ஆச்சிக்கு நான் குடுத்த மரியாதை

காப்பி நல்லா இருக்கு, சுஜா மேடம். நீங்க குடிக்குத மாதிரி டம்ளர்லயே எனக்கும் தந்திய. சந்தோஷம்.

ஆச்சி செத்து பதினாறு கழிஞ்சதும், அவியளுக்க மகன் முத்துக்குமாரசாமி சார் நம்ம ஏஜென்சிக்கு போன் போட்டு என்னைப் பாராட்டினாவன்னு சொல்லுதிய. "எங்க சைவ ஆசாரத்தைக் கடைசி வரைக்கும் மதிச்ச நர்ஸு"ன்னு சொன்னாவளாம். அடுத்த வகுப்புக்கு வாற ஹோம் நர்ஸ் பிள்ளைகளுக்கு முன்னால நான் பேசணும்ங்கிய. பேசலாம். அதுக்கு முன்னால நடந்ததைக் கேட்டுக்கிடுங்க.

நான் கடப்புறத்துக்காரி, மீன் பிடிக்குத குடும்பம். ஆச்சி பூதப்பாண்டியில பரம்பரை சைவம். முட்டை கூட அந்த வீட்டுப் படி ஏறினதில்ல. இடுப்பெலும்பு ஒடிஞ்சு கட்டில்ல கிடப்பு. ஒரு நாள் நான் சோத்துப் பாத்திரத்தைத் திறந்ததும் கட்டில்ல இருந்து ஒரு குரல்: "ஏட்டி வியாகுலம், அது என்ன கறி?" நெத்திலி அவியல்னேன். "இத்திப்போல தாட்டி, பாப்போம்." குடுத்தேன். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினதைப் பாக்கணுமே, மாதாவே, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல.

பிறவு தினமும் அதே கதைதான். சார் பேங்குக்குப் போனதும் ஜன்னலைத் திறப்பேன். எனக்க கையால ஊட்டுவேன். எலுமிச்சைத் தொலியால வாயைத் துடைச்சு, சாம்பிராணி போட்டுருவேன். கஞ்சியைக் கண்டாலே முகம் திருப்புத ஆச்சி, நெத்திலி இருந்தா கிண்ணத்தை வழிச்சுக் குடிப்பாவ. கன்னம் கூட உப்பிட்டு. எனக்குக் காப்பி மட்டும் தனி டம்ளர்ல வரும். அது வீட்டு வழக்கம், நான் ஒண்ணும் நினைக்கல.

ஒரு மத்தியானம் அஞ்சுகிராமத்துச் சொந்தக்காரங்க வந்தாவ. நான் தலையணை மாத்தக் குனிஞ்சேன். ஆச்சி மூக்கைப் பொத்திக்கிட்டு, "தள்ளி நில்லுட்டி, உனக்க மேல எப்பமும் மீன் நாத்தம்"னாவ. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அப்பதான் தின்ன நெத்திலி ஆச்சிக்க பல்லிடுக்குலதான் இருந்துச்சு.

மறுநாள் நம்ம வகுப்பு. வராதவளுக்கு வேலை கிடையாதுன்னு நீங்கதானே சொன்னிய. வகுப்பெடுத்த சார், "எல்லார் மனசுலயும் பாரபட்சம் உண்டு, தேடிப் பாருங்க"ன்னாவ. தேடினேன். எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. "நோயாளிக்க பண்பாட்டை மதிக்கணும், உங்க சாப்பாட்டை அவங்க மேல திணிக்கக் கூடாது"ன்னாவ. அதை நல்லாப் பிடிச்சுக்கிட்டேன்.

அன்னையோட ஆச்சிக்கு மீன் நின்னுது. "இன்னைக்கு இல்லியாட்டி?"ன்னு கேப்பாவ. "உங்க பண்பாட்டை நான் மதிக்கணும்லா ஆச்சி"ம்பேன். அவியளால யார்கிட்ட போய்ப் புகார் சொல்ல முடியும், பாவம். கஞ்சியும் வேண்டாம்னு வாயை இறுக்கிக்கிட்டாவ. ஒரு நாள் எனக்க கையைப் பிடிச்சு, "மக்கா, ஒரே ஒரு துண்டு"ன்னு கெஞ்சினாவ. அந்தக் கை சுள்ளியாட்டு இருந்துச்சு.

எனக்க சோத்துப் பாத்திரத்துல மீன் நிக்கல. நான் திங்கக் கூடாதுன்னு வகுப்புல சொல்லலியே. கட்டில் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு, மெதுவா முள்ளெடுத்துத் தின்னேன். திங்கும்போது ஜன்னலை மட்டும் திறக்க மாட்டேன்.

ஆச்சி கண்ணை மூடினதும், வயசாயிட்டுன்னு டாக்டர் சொன்னாவ. வயசு இல்ல மேடம், நான்தான். மீன் இல்லாம கஞ்சி இறங்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பட்டினி போட்டேன். ஆனா ஏதோ பழைய கோவத்துல செஞ்சேன்னு மட்டும் நினைச்சிராதிய. வகுப்புல படிச்சதைத்தான் செஞ்சேன்.

மனசுல ஒண்ணையும் வச்சுக்கிடுதவ இல்ல நான். அந்தத் தனி டம்ளரைக் கூடச் சரியாப் பாத்ததில்ல. அடுக்களைக்கு வெளிய, துவைக்குத கல்லுக்கு இடது பக்கத்து மாடத்துல கவுத்தியிருப்பாவ. எவர்சில்வர். வாயோரத்துல ஒரு நசுங்கல். மத்த டம்ளரோட கலந்துராம இருக்க, அடியில சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு.