வாடாத புல்

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேள்வி கேட்பார்கள், பதில் வாயை விட்டு வரும்முன்பே தெரிந்ததுபோலத் தலையை ஆட்டுவார்கள். நீங்களும் ஆட்டுகிறீர்கள், ஐயா. எழுதுகிற ஏட்டு நான் சொல்வதை மட்டும் எழுதட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்கும்முன் வாசித்துக் காட்டச் சொல்வேன். பெஞ்சு வேண்டாம், நின்றே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது.

என் பெயர் சடையன். ஆலங்காயத்துத் தோல் வியாபாரி அருணகிரி ஜவ்வாது மலைக்கு வந்து பங்களா கட்டியதிலிருந்து தோட்டம் என் பொறுப்பு. பின்பக்கம் நீச்சல் குளம். அதைச் சுற்றி நான் போட்ட புல். ஓடைக்கரையிலிருந்து பெயர்த்து வந்து, வேர்வேராகப் பிரித்து ஊன்றினேன். கோடையில் என் குடிசைப் பானை காய்ந்து கிடந்தாலும் புல் காயாது.

இந்தப் பங்குனியில் அதைக் கொத்தி எறியச் சொன்னார். அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் புல், பாய் சுருட்டியதுபோல லாரியில் வந்து இறங்கியது. நானேதான் கொத்தினேன். என் மருமகன் சின்னராசு தரையை இடித்துச் சமன் செய்து, மணல் பரப்பி, புல்லை விரித்து ஓரமெல்லாம் ஆணி அடித்தான். என் மகள் அம்சவல்லியைக் கட்டியவன். அவனை அருணகிரியிடம் வேலைக்குச் சேர்த்ததே நான்தான்.

“இன்னா மாமா அப்படிப் பாக்கறே? இதுக்குத் தண்ணி வேணாம், வெட்ட வேணாம். நீ காலை நீட்டிப் படு” என்றான். லாரியில் வந்த ஆட்கள் சிரித்தார்கள். அன்று சாயந்திரம் அருணகிரி என்னைக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், இனிமேல் தோட்டக்காரனுக்கு வேலை இல்லை என்றார். சின்னராசு வாட்ச்மேனாக இருக்கட்டும், குடிசையை அவனுக்கு விட்டுக்கொடு என்றார். அதனால்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அது வேறு.

அந்தப் புல் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். கஞ்சி குடித்துவிட்டு மறுபடியும் போவேன். கிள்ளி மோந்தேன், புது ரப்பர் செருப்பு நாற்றம். வெயில் ஏறினால் அடுப்புக்கல்லாகச் சுடும், ஆனாலும் நிறம் மாறாது. புல் என்றால் சேதி சொல்ல வேண்டும், ஐயா. எங்கள் பக்கம் பன்றிக்குழி வெட்டினால் மூங்கிலைப் பிளந்து, அந்தத் தப்பையைக் குழிவாயில் அடுக்கி மேலே புல்லைப் பரப்புவோம். மறுநாளே அது வாடிவிடும். வாடின திட்டைப் பார்த்தால் அடியில் மண் இல்லை என்று அர்த்தம். இந்தப் புல்லுக்கு அடியில் மண் இருந்தாலும் பச்சை, இல்லாவிட்டாலும் பச்சை. இது ஒருநாள் ஆளைக் கொல்லும் என்று அருணகிரியிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. சின்னராசிடம் சொன்னேன்.

“புல்லு எங்கனா ஆளைக் கொல்லுமா மாமா? சாராயத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்க” என்றான்.

நான் குடிக்கிறவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லிப் புரியாதவனுக்குக் காட்டத்தானே வேண்டும். குளத்து மூலையில் தண்ணீரை இறக்கிவிடும் குழாய்க்கு ஒரு குழி உண்டு. ஆள் உயரத்துக்கு மேலேயே ஆழம். மேலே கல் பலகை, பலகைக்கு மேல் புல். அருணகிரி குடும்பம் கல்யாணத்துக்குக் கீழே இறங்கியிருந்த நாள், மத்தியானத்தில் அந்த மூலைப் புல்லை உரித்துக் கடப்பாரையால் பலகையை நெம்பித் தள்ளினேன். தப்பை அடுக்கிப் புல்லைத் திரும்ப விரித்தேன். எழுந்து பார்த்தால் நான் கை வைத்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்தது.

குழிக்குள்ளே கூரான மூங்கில் முளைகள் ஏன் என்று கேட்டீர்கள். குழி வைத்தால் முளை சீவி நடுவதுதான் முறை. நடாவிட்டால் விழுந்தது காலொடிந்து கிடந்து நாள்கணக்கில் அவதிப்படும். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

மறுநாள் காலையில் சின்னராசும் அம்சவல்லியும் குடிசைக்குச் சாமான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்சவல்லியை ஓடைக்குத் தண்ணீர் மொள்ள அனுப்பினேன். எங்கே போனாலும் முந்திக்கொண்டு நடக்கிற பெண் அவள். பிறகு, “மாப்ளே, மூலையில புல்லு வாடியிருக்குது, வந்து பாரு” என்றேன். அது பொய்தான். பன்றிக்கும் கிழங்கு வைக்காமல் யாரும் குழி வைப்பதில்லை.

சிரித்துக்கொண்டே வந்தான். “எங்க மாமா, எங்க?” என்று குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நடந்தான். பார்க்காமல் விழுந்தான் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஒருமுறை “மாமா” என்று கேட்டது. அதற்குப் பிறகு இல்லை. முளை நட்டது நல்லதாகப் போயிற்று. சுற்றியிருந்த புல்லைப் பார்த்தேன். ஒரு இழைகூட நிறம் மாறவில்லை. நான் சொன்னது அதைத்தான்.

அம்சவல்லி குடத்தோடு வந்து நின்றாள். குழியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவளும் உங்களைப்போலத்தான் நினைக்கிறாள்.

எச்சரிக்கை வைக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். குழிக்குப் பக்கத்தில் ஆளுக்குத் தெரிகிற மாதிரி புல்லை முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த முடிச்சைக் கண்டால் மலையில் சின்னப் பிள்ளைகூடச் சுற்றிக்கொண்டு போகும். நான் முடிந்துதான் வைத்தேன். சின்னராசும் மலையில் பிறந்தவன்தான்.

இன்று காலையில் என்னைக் குளத்தடிக்கு அழைத்துப்போய் அதைக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான். மண்டி போட்டு, இரண்டு கையாலும் தடவித் தடவி, ஓரத்து ஆணியில் கட்டியிருந்ததைக் கண்டுபிடித்தேன். பிளாஸ்டிக் இழையை உருவிப் போட்ட முடிச்சு.

“பச்சைக்குள்ள பச்சை. முடிஞ்ச உனக்கே தெரியலயே, பெரியவரே” என்றீர்கள்.

எனக்குக் கண்ணில் புரை, ஐயா. இளவட்டக் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதற்குமேல் அங்கே நின்று பேச என்ன இருக்கிறது என்று எனக்குப் படவில்லை. முட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, நீங்கள் கூப்பிடக் கூப்பிட ஜீப்பைப் பார்த்து நடந்தேன்.