கருட சேவை அன்றைக்கு மட்டும் வேண்டாம்

பஸ்ஸில் காதை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை நான். ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குள் வரும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டு ஜன்னலோரத்து அம்மாள் தன் தோழியிடம் சொன்னார்:

"கருட சேவை அன்னிக்கு மட்டும் பொறந்துடாதேன்னு எம் பொண்ணு வயித்தாண்ட குனிஞ்சு சொல்லிட்டேன்."

தோழி சிரித்துவிட்டார். "ஏன்க்கா, நல்ல நாளாச்சே?"

"டாக்டரம்மா குடுத்த தேதியே அதுதான். நம்ம வூடு ராஜ வீதியில இருக்குது. அந்தக் கூட்டத்துல ஆம்புலன்ஸ் எப்படி வரும்?"

"மாடியில நின்னா ஆஸ்பத்திரி தெரியுதுன்னு பெருமை பேசிக்கினு இருப்பியே!"

"இப்பவும் தெரியுதுமா. போவத்தான் முடியாது. பாலு, பூ, மருந்துக்கடை எல்லாம் பக்கத்துலயேன்னுதான் அவளை மாமியார் வூட்டுலேர்ந்து இட்டாந்தேன்."

"ஏனாத்தூர்ல தங்கச்சி வூட்டுல வெச்சுக்கோயேன்."

"அதைத்தான் பார்த்துட்டு வரேன். அங்க அவசரத்துக்கு ஒரு ஆட்டோ கெடைக்காது."

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரையும் அந்த அம்மாள் விடவில்லை. "ஏம்பா, கருட சேவை அன்னிக்கு எங்க தெருவுல வண்டி எதுனா வருமா?"

"சாமியே ஆளுங்க தோள்ல ஏறித்தாம்மா வருவாரு."

தோழி மறுபடி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

"பாப்பா, துணிய எடுத்து வை, சித்தி வூட்டுக்குப் போறோம். இல்லமா, ஆட்டோவ நம்ம தெருவுலேர்ந்தே பேசி இட்டுக்கினு போயிடலாம். அங்க வாசல்ல நிறுத்தி வெக்க எடமாவது இருக்குது. வயித்துல இருக்கறவங்ககிட்டயும் சொல்லிடு, இனிமே எப்ப வேணா வரலாம்னு."