ராணி தலை போட்ட காசு

அந்தப் பொற்காசுக்கு நான் சொன்ன விலை எண்பது ரூபாய், இன்ஸ்பெக்டர் ஐயா. வைகை மணலில் கிடைத்தது. வாங்க வந்த காலேஜ் வாத்தியார், விலைமதிப்பே இல்லாத பொருள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, நாற்பதுக்குக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இன்னும் என் சுருக்குப்பையில்தான் இருக்கிறது.

காசில் ஒரு பெண் தலை. "ரோமாபுரி ராணிம்மா. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி. பேருக்குத் தம்பி ராஜா, ஆண்டது அக்கா" என்றார். தம்பி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவானாம். அவனுக்குப் புத்தி வரட்டும் என்று, அவன் பெண்டாட்டியை அடிமையாக விற்கிற கடுதாசியை ஒருநாள் நீட்டினாளாம். அதிலும் போட்டானாம். கண்டித்துவிட்டுக் கிழித்துப்போட்டாளாம்.

கிழித்தாளாம். அங்கேதான் அவளுக்கு வியாபாரம் போதாது.

என் தம்பி காசிமாயனும் அப்படித்தான். ஆத்தா போனபோது அவனுக்கு நாலு வயசு. நான் தாலியறுத்து வந்திருந்தேன். காளவாசல் பழைய நகைக்கடை அவன் பேரில், நடத்தியது நான். நீட்டினால் போடுவான். அன்னக்கொடியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்; தாலியில் நாத்தனார் முடிச்சுப் போட்டது இந்தக் கை. அஞ்சாவது படித்தவள் என்பதைத்தான் எடை குறைத்துப் போட்டுவிட்டேன்.

ஒருநாள் அவன் பேனாவை எடுக்கும்போது, "மாமா, எங்கிட்ட ஒருக்கா காட்டிட்டுப் போடுங்க" என்றாள்.

"அக்கா எழுதுனதுல என்ன இருக்கப்போகுது?" என்று சிரித்தான். சிரித்தான், ஆனால் காட்டினான்.

இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியிடம் அவளைக் கூட்டிப்போகச் சொன்னேன்; புருஷன் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றான். அவள் தண்ணீருக்குப் போன நேரம், கடைக் கடுதாசிகளுக்கு நடுவில் வைத்து நீட்டினேன். போட்டான். அவன் சரக்கெடுக்கத் திருச்சி போன அன்று கங்காணியை வரச்சொன்னேன்.

அவள் கத்தினாள். கடுதாசியைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தாள். கையெழுத்தை விரலால் தடவினாள்.

"அவுக எழுத்துதான், மதினி" என்றாள். அப்புறம் கத்தவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு கங்காணி பின்னால் நடந்தாள்.

தம்பியிடம், ஓடிப்போய்விட்டாள் என்றேன். எட்டாம் மாசம் தோட்டத்திலிருந்து தபால் வந்தது. காய்ச்சலில் இறந்தாளாம். கூடவே அந்தச் சம்மதக் கடுதாசி. அன்றுதான் என் தம்பி முதன்முதலாக ஒன்றை முழுசாகப் படித்தான். படித்துவிட்டு நேரே உங்களிடம் வந்தான்.

அனுப்பியது நான்தான். மறைக்கவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வருஷம் சோறு போட்டேன். பதிலுக்கு எனக்கென்று வாங்கியது ஒரே ஒரு கையெழுத்து. பாக்கி அவன்தான் தரணும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான். நான் சொல்லி நீங்கள் எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டாம் ஐயா. கையெழுத்து எங்கே போடணும்னு மட்டும் காட்டுங்க. நான் போய் உலை வைக்கணும்.